மூணாவதுலயே நிக்குது

சுங்கை சிப்புட்டிலிருந்து அந்தப் பெரிய கிராணி தம்முடைய 1996 விராவை ஓட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தபோது கையில் மூன்று பொருள்கள் இருந்தன. ஒரு கியர்பாக்ஸ் கடையில் எழுதிக் கொடுத்த விலைச்சீட்டு, ஓவராலுக்கு 2,800 வெள்ளி என்று. ஒரு பிளாஸ்க் நிறைய தே ஓ. அப்புறம், நீளவாக்கில் மடித்த ஒரு கணக்கு நோட்டு.

"தம்பி, மூணாவதுலயே நிக்குது. ஆனா எப்பவும் நிக்கல. அதான் எழுதி வச்சிருக்கேன்."

நோட்டைப் பிரித்தேன். தோட்டத்து ஆபீசில் காலமெல்லாம் செக்ரோல் எழுதிய கை அது. தேதி, புறப்பட்ட நேரம், கோளாறு வந்த நேரம், வந்த இடம், ஓடிய கிலோமீட்டர், மழையா வெயிலா என்று ஆறு பத்தி. சிவப்பு மையில் கோடு. இப்படி ஒரு நோட்டை எந்த வாடிக்கையாளரும் எனக்குக் கொண்டுவந்து கொடுத்ததில்லை. "அண்ணே, கார் ஒரு மாதிரியா போகுது" என்பார்கள். ஒரு மாதிரி என்றால் எந்த மாதிரி என்று அவர்களிடமிருந்து கறப்பதற்குள் வாங்கி வைத்த தேத்தண்ணி ஆறிவிடும்.

பதினோரு பதிவுகள். பதினொன்றும் பகல் பன்னிரண்டுக்கு மேல். அவற்றில் ஏழு, கந்தானுக்கும் செம்மோருக்கும் நடுவே. ஒன்பது வெயிலில், இரண்டு மழையில். காலையில் ஒரு தடவைகூட இல்லை.

"வெயில் ஏற ஏற எண்ணெய் காயுது. கிளட்ச் வழுக்குது. அதனாலதான்னு கடைக்காரங்க சொல்றாங்க" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. மழையில் வந்த இரண்டு பதிவுகளையும் பார்த்துவிட்டுத்தான் தாண்டிப் போனேன். நாம் ஏற்கெனவே நம்பிவிட்ட காரணத்துக்குள் அடங்காத வரி நம் கண்ணில் பட்டாலும் மனதில் விழுவதில்லை.

நான் பிறந்தது செம்மோருக்கு உள்ளே ஒரு கித்தா தோட்டத்தில். அப்பா மரம் சீவினவர். விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். வெயில் ஏறிவிட்டால் பால் மந்தமாகிவிடும். பட்டையை ஆழமாகச் சீவினால் கத்தி மரத்தைத் தொட்டுவிடும், காயம் பட்ட இடத்தில் பட்டை முடிச்சு விழும். மேலாகச் சீவினால் பால் வராது. நடுவில் உள்ள அந்த மில்லிமீட்டர் கணக்கு அவர் விரலில் இருந்தது. தோட்டம் செம்பனைக்கு மாறியதும் லயத்தை விட்டுப் புந்தோங்குக்கு வந்தோம். 1985இல், புரோட்டோன் சாகா முதன்முதலில் ரோட்டுக்கு வந்த வருடம், பதினேழு வயதில் ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கேயிடம் வயரிங் வேலைக்குச் சேர்ந்தேன்.

தவுக்கே பேசுவது குறைவு. எந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை மலாயில்தான் வரும்: "டெங்ஙார் டூலு." முதலில் கேள். சாவியைத் திருப்பி எஞ்சினை ஓட விடாமல் நிறுத்தினால் எந்த ரிலே "டிக்" என்கிறது, எது சத்தம் போடவில்லை. நீண்ட திருப்புளியின் முனையைப் பெட்டியில் வைத்துப் பிடியைக் காதில் வைத்தால் உள்ளே என்ன கேட்கிறது. கியர் மாறும் கணத்தில் எஞ்சின் குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா. இதையெல்லாம் அவர் கற்றுக்கொடுத்தார். சோதனை ஓட்டம் போகும்போது ரேடியோ கூடாது, ஏர்கோன் கூடாது, நாலு கண்ணாடியும் கீழே இறங்கியிருக்க வேண்டும். பெட்டி பேசுவதைக் கேட்பதற்கு இடைஞ்சலாக எதுவும் இருக்கக் கூடாது. நாற்பது வருடமாக அப்படியேதான் ஓட்டுகிறேன். இந்தப் பழக்கத்தைப் பிறகு நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

விரா 1.6 ஆட்டோவில் இருப்பது மிட்சுபிஷியின் நாலு கியர் பெட்டி. சுமையை இழுப்பதெல்லாம் எண்ணெய் அழுத்தம்தான். ஆனால் அந்த எண்ணெய் எந்த வாய்க்காலில் பாய வேண்டும் என்று மடை திறந்து மூடுவது சோலினாய்டுகள். கியர் மாற்றுவதற்கு இரண்டு: ஏ, பி என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் மின்சாரம் போனால் ஒன்றாவது கியர். ஏ நின்று பி மட்டும் இருந்தால் இரண்டாவது. இரண்டுமே நின்றால் மூன்றாவது. ஏ மட்டும் இருந்தால் நாலாவது. இன்னொரு சோலினாய்டு அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அது வினாடிக்கு 35 தடவை திறந்து மூடும். மற்றொன்று கன்வர்ட்டருக்குள் இருக்கும் பூட்டு கிளட்சைப் பிடித்து விடுகிறது.

இந்தக் கணக்கில் மூன்றாவதைப் பாருங்கள். மின்சாரமே தேவைப்படாத கியர் அது. ஒயர் அறுந்தாலும், பியூஸ் போனாலும், கம்ப்யூட்டர் செத்தாலும் கார் மூன்றாவதில் வீடு வந்து சேரும். அதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆக, "மூணாவதுலயே நிக்குது" என்று ஒருவர் சொல்லும்போது, சோலினாய்டுகளுக்கு மின்சாரம் போகவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். ஏன் போகவில்லை என்பதற்கு இரண்டு வாசல் உண்டு. ஒயரில் எங்கோ தடை இருக்கலாம். அல்லது, கிளட்ச் உண்மையிலேயே வழுக்கி, அதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து, மேலும் கெடாமல் இருக்கத் தானே மின்சாரத்தை நிறுத்தியிருக்கலாம். பெட்டியின் மேல் இரண்டு பல்ஸ் ஜெனரேட்டர்கள் இருக்கின்றன. ஒன்று உள்ளே சுற்றும் டிரம்மின் வேகத்தை எண்ணும், மற்றது வெளியே போகும் பல்சக்கரத்தின் வேகத்தை எண்ணும். இரண்டுக்கும் இடையே இருக்க வேண்டிய விகிதம் இல்லையென்றால் வழுக்கல் என்று பொருள். ஆனால் பல்ஸ் ஜெனரேட்டரின் ஒயரே நைந்து போயிருந்தாலும் கம்ப்யூட்டர் இதே முடிவுக்குத்தான் வரும். எண்ணிக்கை தப்பியது சக்கரத்தாலா ஒயராலா என்று அதற்குத் தெரியாது. இந்த இடத்தில்தான் பல பெட்டிகள் காரணமில்லாமல் கழற்றப்படுகின்றன.

இரண்டு வாசலையும் பிரிப்பதற்கு எனக்குத் தெரிந்த மலிவான வழி இது: சோலினாய்டு கனெக்டரைக் கழற்றிவிட்டு காரை ஓட்டிப் பார்ப்பது. இப்போது கார் கட்டாயமாக மூன்றாவதில்தான் புறப்படும். அழுத்தமும் முழுசாக இருக்கும். ஏற்றத்தில் கால் மிதித்தால் எஞ்சின் வேகமும் கார் வேகமும் சேர்ந்து ஏற வேண்டும். எஞ்சின் மட்டும் கத்திக்கொண்டு கார் சோம்பினால், கிளட்ச் தேய்ந்திருக்கிறது. ஓவரால் செய்யச் சொன்னவர் சொன்னது சரி. வழுக்காமல் இழுத்தால் பெட்டியை விட்டுவிட்டு ஒயரைப் பார்க்க வேண்டும். கிராணியின் விரா ஜெலாப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கம் வரை அந்த ஏற்றம் முழுக்க மூன்றாவதில் மூச்சு வாங்காமல் ஏறியது. எண்ணெயை எடுத்து விரலில் தேய்த்தேன். சிவப்பு கொஞ்சம் மங்கியிருந்தது, தீய்ந்த வாடை இல்லை. 2,800 வெள்ளிச் சீட்டை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டேன்.

அடுத்து ஓம் கணக்கு. கியர் மாற்றும் சோலினாய்டுகளுக்கு 20 டிகிரியில் 22 ஓம் சுமார், அழுத்தச் சோலினாய்டுக்கு 3 ஓம் சுமார், பல்ஸ் ஜெனரேட்டருக்கு 245க்கு முப்பது மேலோ கீழோ இருக்கலாம். ஆனால் 20 டிகிரி என்பது ஈப்போவில் விடியற்காலையில்கூட இல்லை. ஓடி வந்த பெட்டியில் எண்ணெய் 90 டிகிரிக்குப் போய்விடும். செம்புக் கம்பி ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு 0.4 பங்கு சுமார் தடை ஏறும். அந்தக் கணக்கில் 22 ஓம் சோலினாய்டு சூட்டில் 28 காட்டும். இதைத் தெரியாமல் "28 காட்டுது, கெட்டுப்போச்சு" என்று நல்ல சோலினாய்டைத் தூக்கிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரை மிக அருகில் பார்த்திருக்கிறேன், 1994இல் கண்ணாடியில்.

கிராணியின் காரில் எல்லாம் சரியாக இருந்தன. அடுத்தது குறியீடு. இந்தக் காலத்துப் பையன்கள் ஸ்கேனரைச் சொருகி எழுத்தில் படிக்கிறார்கள். அந்தக் காலத்து மிட்சுபிஷி பெட்டிக்கு முள் மீட்டர் போதும். சோதனை சாக்கெட்டில் மாட்டினால் முள் ஆடும். நீள ஆட்டம் பத்து, குட்டை ஆட்டம் ஒன்று. கிராணி பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து எண்ணினார். ஒரு நீளம், இரண்டு குட்டை. மறுபடி ஒரு நீளம், இரண்டு குட்டை.

"பன்னண்டு" என்றார், மாணவர் முந்திக்கொண்டு கை தூக்குவது போல.

பன்னிரண்டு என்றால் திராட்டில் சென்சரின் வோல்ட் அளவுக்கு மீறிக் குறைந்திருக்கிறது. கால் எடுத்திருக்கும்போது அரை வோல்ட்டுக்குப் பக்கத்தில், முழுக்க மிதித்தால் நாலரைக்கு மேல் வர வேண்டியது. கால் எவ்வளவு மிதிக்கிறது என்பதை அந்த வோல்ட்டை வைத்துத்தான் கியர் கம்ப்யூட்டர் புரிந்துகொள்கிறது. நான் முள் மீட்டரை மாட்டி மெல்ல மிதித்துப் பார்த்தேன். முள் எங்கும் தடுக்காமல் ஏறியது, இறங்கியது. இந்த வேலைக்கு டிஜிட்டல் மீட்டர் உதவாது. கண் இமைக்கும் நேரத்தில் விழுந்து எழும் வோல்ட்டை அது விழுங்கிவிடும், முள் காட்டிக்கொடுத்துவிடும். சென்சரில் குறையே தெரியவில்லை. ஆனாலும் குறியீடு அதைத்தான் சொல்கிறது, வெயிலில் மட்டும் கெடுகிறதோ என்னவோ என்று, ஹாஃப் கட் கடையில் தேடி ஒன்று வாங்கிப் போட்டேன். 60 வெள்ளி. நான் அளந்து பார்த்து நல்லது என்று கண்ட பொருளையே, ஒரு எண்ணுக்குப் பயந்து மாற்றினேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் கிராணி மறுபடி வந்து நின்றார். நோட்டில் பன்னிரண்டாவது பதிவு. கந்தான், பிற்பகல் 1.40.

காரை என்னிடமே வைத்துக்கொண்டேன். வெயில் உச்சியில் இருக்கும்போது மூன்று நாள் ஓட்டினேன். மெனோரா வரை ஒரு நாள். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைப்பாதையில் பாதி தூரம் ஒரு நாள். கடைசி நாள் அவர் சொன்ன அதே கந்தான் வழி. கண்ணாடிகள் கீழே, ஏர்கோன் அணைத்து, காது பெட்டியின் மேல். சுண்ணாம்பு மலையிலிருந்து கல் ஏற்றி வரும் லோரிகள் கிளப்பிய தூசியெல்லாம் என் வாய்க்குள். கார் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பள்ளிப்பிள்ளை வாய்ப்பாடு சொல்வது போல் மாறிக்கொண்டே போனது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

காரைத் திருப்பி எடுத்துப்போகக் கிராணி தம் மனைவியோடு வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் அந்தம்மாவுக்கு மூச்சுக்கு மருந்து வாங்க வேண்டிய நாளாம். "கோளாறு என் கண்ணுல சிக்க மாட்டேங்குதுங்கய்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின் ஸீட்டில் உட்கார்ந்திருந்த அந்தம்மா சொன்னார்:

"அந்தக் கந்தான் தூசி எனக்கு ஆகாது தம்பி. அங்க வந்ததும் கண்ணாடிய ஏத்திட்டு ஏர்கோனை முழுசா வைக்கச் சொல்வேன். வச்சு கொஞ்ச நேரத்துல இது இழுவையா இழுக்கும்."

"காலையில?"

"காலையில அவரு மட்டும்தானே மார்க்கெட்டுக்குப் போறாரு. ஏர்கோன் போட்டா பெட்ரோல் தின்னுமாம். போட மாட்டாரு."

"மழையில?"

"மழையில கண்ணாடிய ஏத்தித்தானே ஆகணும்?"

நோட்டில் ஆறு பத்தி இருந்தது. யார் கூட வந்தார்கள் என்பதற்குப் பத்தி இல்லை.

எஞ்சினை ஓட விட்டு, டேஷ்போர்டுக்குள் கையை விட்டு, கியர் கம்ப்யூட்டரின் எர்த் ஒயரில் மீட்டரின் ஒரு முனையையும், பெட்டரியின் கழித்தல் முனையில் மறு முனையையும் வைத்தேன். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் இருக்க வேண்டும்? கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்கக் கூடாது, 0.1 வரை பொறுத்துக்கொள்ளலாம், 0.2 தாண்டினால் தேட வேண்டும். 0.1 காட்டியது. "அம்மா, ஏர்கோனைப் போடுங்க. காத்து நாலுல வைங்க."

1.9.

அப்படியே வைத்திருந்தோம். ஐந்து நிமிடத்தில் 2.4. பத்து நிமிடத்தில் 3ஐத் தொட்டது. டேஷ்போர்டு டிராயரைக் கழற்றினேன். பின்னால், தகரத்தில் முறுக்கிய ஒரு சின்னத் திருகாணி. அதன் கீழ் இரண்டு ஒயர். ஒன்று காற்று விசிறி மோட்டாரின் எர்த். இன்னொன்று, இடையில் கறுப்பு டேப் சுற்றி ஒட்டுப்போட்டது, கியர் கம்ப்யூட்டரின் எர்த். தொட்டேன், விரல் சுட்டது.

கதையைப் பின்னாலிருந்து கோத்துப் பார்த்தேன். கிராணியின் வீடு பழைய தோட்டத்து ஓரத்தில். கித்தா போய்ச் செம்பனை வந்த பிறகு அங்கே எலிக்குப் பஞ்சமில்லை. எலியைப் பிடிக்கவே செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எப்போதோ ஒரு எலி ஒயரைக் கடித்திருக்கிறது. யாரோ ஒருவர் அறுந்த எர்த்துக்கு ஒட்டுப்போட்டு, கைக்கு எட்டிய திருகாணியில் மாட்டியிருக்கிறார். திருகாணிக்குக் கீழே பெயிண்டைச் சுரண்டவில்லை. எர்த் தகரத்தை உட்கார்ந்து கவ்வாமல், திருகாணியின் மரை வழியாக மட்டும் போய்க்கொண்டிருந்தது. கம்ப்யூட்டருக்கு வேண்டியது கொஞ்சம் மின்சாரம். அந்த அளவுக்கு அந்தப் பிடி போதும், அதனால் காலையில் கோளாறு இல்லை. விசிறி மோட்டார் பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த வெள்ளம் அதே குறுகிய மரையில் பாய்ந்தால் தேங்கும். தேங்கிய இடம் சுடும். சுடச் சுடத் தடை கூடும். வெயில்தான் காரணம் என்று நாங்கள் எல்லாரும் நினைத்த சூடு அந்தத் திருகாணியில் இருந்தது.

இப்போது 12 என்ற எண்ணும் விளங்கியது. கம்ப்யூட்டர் வோல்ட்டைத் தன் எர்த்திலிருந்துதான் அளக்கிறது. எர்த் 2 வோல்ட் மேலே ஏறி நின்றால், சென்சர் உண்மையாக அனுப்பும் அரை வோல்ட் அதன் கண்ணுக்குச் சுழியத்துக்கும் கீழே தெரியும். நீருக்குள் கழுத்தளவு நிற்பவனுக்குக் கரையில் உள்ளது என்ன உயரம் என்று எப்படித் தெரியும்? "சென்சர் வோல்ட் குறைவு" என்று அது எழுதியதில் பொய்யில்லை. தான் எவ்வளவு ஏறியிருக்கிறோம் என்பதை அறியும் வழி அதற்கு இல்லை. எர்த் இன்னும் ஏறியதும் எதையும் நம்ப முடியாமல் சோலினாய்டுகளைக் கைவிட்டது. கார் மூன்றாவதுக்குப் போனது.

இதில் எனக்கு உறுத்தியது ஒன்றுதான். தூசியைத் தின்றுகொண்டு மூன்று நாள் நான் ஓட்டியபோது, கண்ணாடியை ஏற்றி ஏர்கோனைப் போட்டிருந்தால் முதல் நாளே கண்டிருப்பேன். தவுக்கே சொன்னபடி நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே கோளாறு வரும் சூழ்நிலையை நானே அணைத்துவிட்டு ஓட்டினேன். தவுக்கே கற்றுக்கொடுத்தது தப்பில்லை; அவர் காலத்துப் பெட்டிகளில் கம்ப்யூட்டர் கிடையாது, கேபிளும் எண்ணெயும்தான். அவற்றின் நோயெல்லாம் சத்தத்தில் வெளிப்பட்டது. எர்த் ஏறும் சத்தம் எந்தக் காதிலும் விழாது. இப்போதெல்லாம் நான் இரண்டு ஓட்டம் போகிறேன். முதல் ஓட்டம் அமைதியாக, காதுக்கு. இரண்டாவது, ஏர்கோன், பெரிய விளக்கு, வைப்பர், பின் கண்ணாடிச் சூடு, எல்லாவற்றையும் போட்டுவிட்டு. பட்டறைப் பையன் இதற்குத் "தீபாவளி ஓட்டம்" என்று பெயர் வைத்திருக்கிறான்.

எர்த்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒயரை ஓம் மீட்டரில் வைத்து "சுழியம் காட்டுது, நல்லாயிருக்கு" என்று விட்டுவிடுபவர்களிடம் எனக்குத் தீராத சண்டை உண்டு. இருபது இழை உள்ள ஒயரில் பத்தொன்பது அறுந்து ஒரே இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஓம் மீட்டர் சுழியத்தை ஒட்டித்தான் காட்டும். மீட்டர் அதன் வழியாக அனுப்புவது தூசி போன்ற மின்சாரம். அதற்கு ஒரு இழை போதும். ஒயரை நம்ப வேண்டுமென்றால் அதன் மேல் சுமை ஏற்ற வேண்டும். பிரேக் விளக்கு பல்பு ஒன்றில், 21 வாட், இரண்டு ஒயரை ஈயம் வைத்து ஒட்டி வைத்திருக்கிறேன். சந்தேகப்பட்ட ஒயரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிரித்து, இந்தப் பல்பை அதன் வழியாக எரிய விடுவேன். பல்பு கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். கியர் மாற்றும் சோலினாய்டு இழுப்பது 0.6தான். பளிச்சென்று எரிந்தால் ஒயர் நல்லது. மங்கினால் எங்கோ கிள்ளல் இருக்கிறது. கம்ப்யூட்டரோடு மாட்டியிருக்கும்போது மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் அந்தச் சுமைக்குத் தயாரானது கிடையாது. நான் ஒன்றைக் கொன்றிருக்கிறேன்.

மற்ற காரணங்கள் பல உண்டு, எல்லாம் இவ்வளவு அலைக்கழிக்காது. தைப்பிங்கிலிருந்து வரும் கார் என்றால் முதலில், கியர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் இன்ஹிபிட்டர் சுவிட்சைத்தான் கழற்றுவேன். தீபகற்பத்தில் மிக அதிகமாக மழை பெய்யும் ஊர். சுவிட்சுக்குள் தண்ணீர் போய்ப் பச்சைக் களிம்பு கட்டிவிடும். அதைக் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். ரிவர்ஸில் போட்டதும் பின் வெள்ளை விளக்கு எரியவில்லை என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. 90களின் ஜப்பான் கம்ப்யூட்டரைத் திறந்ததும் கருவாட்டு வாடை அடித்தால் உள்ளே கெப்பாசிட்டர் ஒழுகியிருக்கிறது. ஒழுகிய திரவம் பலகையின் செம்புக் கோடுகளைத் தின்றுவிடும் முன் மாற்றினால் பிழைக்கும்.

ஒரே ஒரு வாஜா மட்டும் என்னை ஒரு வாரம் ஆட்டியது. 80 கிலோமீட்டரில் சீராகப் போகும்போது நடுங்கும், ரோட்டில் வரிசையாகக் கோடு போட்டிருப்பது போல. கன்வர்ட்டர் போய்விட்டது என்று சொல்லி உரிமையாளர் இரண்டு தடவை எண்ணெய் மாற்றியிருந்தார். நான் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பெட்டரியில் தொட்டேன். நேர் மின்சாரம் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் அலை அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தது. ஆல்டர்னேட்டரில் ஒரு டையோடு போய்விட்டது. பெட்டரி விளக்கு எரியவில்லை, சார்ஜும் 13.8 காட்டியது. ஆனால் அந்த அலை சென்சர் ஒயர்களில் கலந்து, பூட்டு கிளட்சைப் பிடிப்பதா விடுவதா என்று கம்ப்யூட்டரைத் தடுமாற வைத்திருந்தது. ஆல்டர்னேட்டர் ஒயரைக் கழற்றி ஐந்து நிமிடம் ஓட்டினேன், நடுக்கம் நின்றது. கியருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று உரிமையாளர் இன்றைக்கும் நம்பவில்லை. காசு கொடுத்துவிட்டார், அது போதும்.

கிராணியின் காரில் பெயிண்டைச் சுரண்டி, தகரம் வெள்ளியாகத் தெரியும்வரை தேய்த்து, கம்ப்யூட்டருக்கும் விசிறிக்கும் தனித்தனியாகப் போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவினேன். அரை மணி நேர வேலை. மறுபடி ஏர்கோனை நாலில் வைத்து அளந்தபோது 0.04. கூலியாக 40 வெள்ளி எழுதினேன். தேவையில்லாமல் மாற்றிய சென்சருக்குக் கொடுத்த 60ஐத் திருப்பிக் கொடுத்தேன். கிராணி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கணக்குல தப்பு இருக்கு தம்பி. மூணு நாள் ஓட்டுனீங்களே, அந்த பெட்ரோல்?"

"அது என் தப்புக்கு ஓட்டுனதுங்கய்யா."

அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கோலகங்சார் பக்கம் வந்தால் சொல்லுங்கள், 1877இல் ஊன்றிய கித்தாக் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக அங்கே நிற்கிறது, கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றார். காசாகத் தர முடியாததை அவர் தரும் விதம் அது என்று எடுத்துக்கொண்டேன். பிறகு பட்டறை மேசையில் நோட்டை விரித்து, ரூலரை வைத்து, சிவப்புப் பேனாவால் ஆறாவது பத்திக்கு அப்பால் இன்னொரு கோடு இழுத்தார். மேலே "ஏர்கோன்" என்று எழுதினார்.

காருக்குள்ளிருந்து அந்தம்மா எட்டிப் பார்த்தார். "பக்கத்துல இன்னொரு கோடு போட்டு என் பேரையும் எழுதச் சொல்லுங்க தம்பி."

கிராணி ரூலரை நகர்த்தினார்.